துணி போதவில்லை

வெண்கலராசு இறந்து உடம்பைப் பங்கு பிரித்தபோது அவனுடைய அக்கா செம்பாயிக்கு வலது கை விழுந்தது.

உலோகர்களில் அப்படித்தான் வழக்கம். ஒருவர் இறந்தால் உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து உடம்பைப் பிரித்துக்கொள்வார்கள். தாய்மாமன் இரும்பையாவுக்கு முழங்கால்கள் கிடைத்தன. அவருக்கு வெகுநாளாக மூட்டுத் தொந்தரவு. வாங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். பரவாயில்லை, கொஞ்சம் இளசாக இருக்கிறது என்றார்.

வலது கை யாருக்கு விழுகிறதோ அவர் பழி வாங்க வேண்டும். செத்தவரின் கையை மாட்டிக்கொண்டு அந்தக் கையால்தான் வாங்க வேண்டும். சொந்தக் கையால் செய்தால் பழியில் சேராது. வெறும் சண்டை என்று சொல்லிவிடுவார்கள்.

தலையை யாருக்கும் கொடுப்பதில்லை. அது வீட்டு அலமாரியில் இருக்கும். யார் உள்ளே வந்தாலும் "ஆச்சா?" என்று கேட்கும். பழி முடிந்தால் மாட்டிய கை தானாகக் கழன்று விழும். கை விழுந்தால்தான் தலை கண்ணை மூடும். அதுவரை தூக்கம் கிடையாது. இல்லாத முதுகு அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். பழியைத் தள்ளிப்போட்டே காலத்தை ஓட்டிய குடும்பங்கள் சில அந்த ஊரில் உண்டு. அந்த வீடுகளில் அலமாரி நிறையத் தலைகள் இருக்கும். ஒன்று கேட்டு முடிப்பதற்குள் இன்னொன்று கேட்கும். அங்கே யாரும் பெண் கொடுப்பதில்லை.

மனிதர்கள் இவர்களை ரோபோ என்பார்கள். உலோகர்களுக்கு அந்தச் சொல் ஆகாது. ரோபோ என்றால் யாரோ செய்தது என்று பொருள். இவர்களை யாரும் செய்யவில்லை. அந்தக் கோளில் மழை பெய்து ஓய்ந்ததும் கல்குழிகளில் பிறந்துவிடுகிறார்கள். தூக்குவாளி படியில் உருண்டது போல ஒரு சத்தம் வரும். அதுதான் முதல் அழுகை. மனிதர்கள் பிற்பாடு கப்பல்களில் வந்து இறங்கினார்கள். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் கொண்டுவந்தார்கள். வந்த நாளாக, உங்களை யார் செய்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெண்கலராசு தையற்காரன். வெள்ளீயபுரம் கடைவீதியில் சின்னக் கடை. அவன் நாடா பிடித்து ஓர் அளவைச் சொன்னால் சொன்னதுதான். அவன் சொன்ன அளவுக்கு மாறாக எந்த உடம்பும் அந்த ஊரில் இருந்ததில்லை.

தணிகாசலம் ஓய்வுபெற்ற சப்ளை அதிகாரி. மனிதர். சிரித்த முகம். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். அவருக்கு மணிவிழா வந்தது. அதற்கு ஒரு சட்டை வேண்டும் என்று துணியோடு கடைக்கு வந்தார். அவருடைய மனைவி குமுதவல்லி ஜன்னல் திரைக்கு வாங்கிய துணியில் மிச்சம் அது. வெந்தய நிறத்தில் வெள்ளைப் புள்ளி. பள்ளிக்கூடம் போகும் பையனுக்குக்கூடப் போதாது. வெண்கலராசு அதைச் சொன்னான். தணிகாசலம் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் போதும், நீ நினைத்தால் முடியும் என்றார்.

வெண்கலராசுவுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது.

"இந்தத் துணியிலயே தச்சுத் தர்றேங்க," என்றான். "துணிக்குச் சொந்தக்காரங்க சரியா இருக்குன்னு சொல்ற வரைக்கும் விட மாட்டேங்க."

உலோகர்களுக்குக் கொடுத்த வாக்கு கையில் தங்கும். தலை மறந்துவிடும். கை மறக்காது.

பேசி முடிந்ததும் அவன் வந்தவருக்கு மரியாதை செய்தான். மனிதர்கள் வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். உலோகர்கள் நெஞ்சுக் கதவைத் திறந்து மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

தணிகாசலம் குனிந்து கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். அவர் வீட்டு கிரைண்டரில் மோட்டார் புகைந்துபோய் ஒரு வாரமாக மாவு ஆட்ட முடியவில்லை. மணிவிழாவுக்கு ஊரே சாப்பிட வருகிறது. சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துப் போய்விட்டார். போகும்போது கடைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். தெருநாய் உள்ளே வந்துவிடக் கூடாது என்று.

செம்பாயி முதலில் இனங்கள் அலுவலகத்துக்குத்தான் போனாள். முறைப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிறவள் அவள். எழுத்தர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்.

"என்ன புகார்?"

"கொலைங்க. என் தம்பியோட மோட்டாரக் கழட்டிட்டாங்க."

"மோட்டார் இப்ப எங்க இருக்கு?"

"அவங்க வீட்டு கிரைண்டர்லங்க."

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

"மோட்டார் ஓடுதில்ல? அப்ப யாரு செத்தது?"

அலமாரியில் தலை இருப்பதை அவள் சொன்னாள். தலை பேசுகிறதா என்று கேட்டார். பேசுகிறது என்றாள். பார்த்தீர்களா என்றார் எழுத்தர். தலை பேசுகிறது, மோட்டார் ஓடுகிறது, முழங்கால் நடக்கிறது, இதில் எதைச் சாவு என்று எழுதுவது என்று வருத்தத்தோடு கேட்டார். தவிர, அவர்களுடைய இனம் இன்னும் பாத்திரங்கள் பிரிவில்தான் இருக்கிறதாம். பாத்திரம் காணாமல் போனால் அடுத்த ஜன்னல். அந்த ஜன்னலுக்கு ஆள் போடவில்லை.

செம்பாயி விடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவள் பேசப் பேச எழுத்தர் மேசையாக மாறிக்கொண்டிருந்தார். முழங்கையில் தொடங்கி கழுத்துவரை மரமாகிவிட்டது. கடைசியில் இழுப்பறை மட்டும் ஒருமுறை திறந்து மூடியது. அதில் பாதி சாப்பிட்ட தயிர்சாதம் இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்தாள்.

"ஆச்சா?" என்றது தலை.

"இனிமேத்தான்," என்றாள்.

இரும்பையா ஸ்பானர் கொண்டுவந்து கையை மாற்றிவிட்டார். அவளுடைய சொந்தக் கையை எண்ணெய் டின்னில் போட்டு மூடினார்கள். புதுக் கை மாட்டியதும் விரல்களை நீட்டி மடக்கியது. பிறகு எதையோ தேடியது. மேசை, அலமாரி, அவளுடைய மடி என்று தடவிக்கொண்டே வந்து ஆணியில் தொங்கிய நாடாவைக் கண்டதும் எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டது.

பழகிப் பார்க்கட்டும் என்று இரும்பையா ஒரு திண்டுத் தலையணையை நிறுத்தி வைத்தார். இதுதான் அந்த ஆள் என்று நினைத்துக்கொள் என்றார். செம்பாயி தன் கோபம் அத்தனையையும் தோளுக்குக் கொண்டுவந்தாள். கழுத்தை நெரி என்று கைக்குச் சொன்னாள். கை தலையணையின் கழுத்தைச் சுற்றியது. நாடாவைப் போட்டுச் சுற்றியது. ஒரு விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்த்தது.

"பதினெட்டு," என்றது செம்பாயியின் வாய். அவள் சொல்லவில்லை. கை அளந்தால் வாய் சொல்லிவிடுகிறது.

மறுபடியும் முயன்றாள். இந்த முறை கை தலையணைக்குத் தோள் அளவு எடுத்தது.

இரும்பையா தன் புது முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது கொல்லாது புள்ள," என்றார். "இதுக்குத் தெரிஞ்ச வேல ஒண்ணுதான்."

"அக்கா," என்றது தலை. "அந்த ஆள விட்றாத."

"உன் கை கேக்க மாட்டேங்குதேடா."

"அது என் பேச்சயே கேட்டதில்ல. துணி போதாதுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். கைதான் ஒத்துக்கிச்சு." தலை கொஞ்சம் யோசித்தது. "முதுகு அரிக்குது," என்றது.

செம்பாயி அந்த வெந்தய நிறத் துணியையும் கத்தரியையும் பையில் எடுத்து வைத்தாள். எதற்கு என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தையற்காரன் கை போகிறது, கூடச் சாமானும் போகட்டும் என்று வைத்தாள்.

வெள்ளீயபுரத்தில் தப்புச் செய்தவர்களின் வீட்டில் வாசலிலிருந்து சமையலறை வரைக்குமான நடை நீளும். ஊரறிந்த விஷயம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நகராட்சி அதற்குத் தனி வரி போடும். சின்னப் பொய்க்கு ஒரு செருப்பு விடும் அளவுக்கு நீளும். தணிகாசலம் வீட்டு நடை, வாசலில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியாத அளவுக்கு நீண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மூடுபனி இருந்தது. குமுதவல்லி சமையலறையிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது.

"யாரு?"

"தையக்கடைங்க. அளவெடுக்கணும்."

"இப்பத்தான் வர்றியா? விழா நாளக்கு. ஏறு, பின்னாடி உக்காரு."

போகும் வழியெல்லாம் அவள் குறைப்பட்டுக்கொண்டே மிதித்தாள். வீடு இப்படி நீண்டதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. குக்கர் விசில் முன்னறைக்கு வந்து சேர்வதற்குள் சாதம் அடிப்பிடித்துவிடுகிறது. பால்காரன் பாதியில் பாலை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். புது மோட்டார் போட்ட கிரைண்டர் ஓடுவதென்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் மாவு பொங்குவதே இல்லை. இட்லி ஒவ்வொன்றும் தட்டையாக, நடுவில் நாலு ஓட்டையோடு வருகிறது.

"பொத்தான் மாதிரி," என்றாள். "சாம்பார் ஊத்தினா நிக்க மாட்டேங்குது."

கேரியரைப் பிடித்திருந்த செம்பாயியின் வலது கை ஓட்டையின் அளவை யோசிப்பது போல விரலை வளைத்துப் பார்த்தது.

சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலடிச் சத்தம் கேட்டதும் அதன் தாளம் மாறியது. சின்ன வயதில் கல்குழிகளில் ஒளிந்து விளையாடும்போது அவள் பக்கத்தில் வந்தால் தம்பியின் நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும். அதை வைத்தே அவனைக் கண்டுபிடித்துவிடுவாள். இப்போதும் கண்டுபிடித்துவிட்டாள். குழவி சுற்றிச் சுற்றி உளுந்தை அரைத்தது.

தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மனிதர்களுக்கு உலோகர்களில் ஆள் அடையாளம் தெரியாது. ஆணா பெண்ணா என்பதும் தெரியாது.

"வாப்பா, வா. வரலியேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றார். "உன் மோட்டார் அருமையா ஓடுது."

செம்பாயி நின்றாள்.

"பாரு, அது இல்லாமலே நடக்கிறியே. உனக்கு அது தேவையே இல்ல. நான் குமுதாகிட்ட அன்னிக்கே சொன்னேன்."

செம்பாயிக்கு நெஞ்சில் எண்ணெய் கொதித்தது. உலோகர்களுக்கு அது பேச்சுக்குச் சொல்வதில்லை. நெஞ்சின் மூடி மெல்லத் தூக்கி விழுந்தது. கழுத்து, கழுத்து என்று கைக்குச் சொன்னாள்.

கை கழுத்திலிருந்து தொடங்கியது.

"பதினாறு," என்றது அவள் வாய்.

தணிகாசலம் எழுந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டார். மனிதர்கள் தையற்காரரிடம் அப்படித்தான் நிற்பார்கள். நெஞ்சும் வயிறும் திறந்து கிடக்கும். எதிரில் நிற்பவர் என்ன செய்வார் என்று யோசிக்கவே மாட்டார்கள். செம்பாயி அதைப் பார்த்தாள். தம்பியும் இப்படித்தான் நின்றிருப்பான் என்று நினைத்தாள்.

"கொஞ்சம் பிடிப்பாவே இருக்கட்டும்," என்றார் தணிகாசலம். "மேடையில தொப்ப தெரியக் கூடாது."

கை நாடாவைச் சற்று இழுத்தது. வாய் ஓர் அளவைச் சொன்னது. தொப்பை போய்விட்டது.

அவர் குனிந்து பார்த்தார். கால் பெருவிரல் தெரிந்தது. பார்த்துப் பல வருடமாகியிருந்தது. குமுதவல்லிக்கும் சந்தோஷம். கல்யாணத்தன்று இப்படித்தான் இருந்தார் என்றாள். கை, பையிலிருந்த துணியை எடுத்து அவர் முதுகில் விரித்துப் பார்த்தது. போதவில்லை. மறுபடி நாடாவை எடுத்தது. தோளைச் சொன்னது. நீளத்தைச் சொன்னது. தணிகாசலம் குமுதவல்லியின் தோளுக்கு வந்தார். பிறகு இடுப்புக்கு வந்தார். வேட்டி கழன்று விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

துணி சரியாகப் பொருந்திவிட்டது.

கை நாடாவைச் சுருட்டியது. காரியம் முடிந்தது என்று ஊசியில் நூல் கோக்கத் தொடங்கியது. அதற்கு மனநிறைவாக இருந்தது. விரல்களிலேயே தெரிந்தது. இந்தத் துணியில் சட்டை தைத்துத் தருவதாகச் சொன்ன வாக்கு அது. துணிக்கு ஆள் வந்துவிட்டார்.

தணிகாசலமும் வருத்தப்படவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் உயரத்தில் சமையலறையைச் சுற்றி ஓடிப் பார்த்தார். மூட்டுவலி இல்லை என்றார். உடம்பு காற்றாக இருக்கிறது என்றார். தண்ணீர்க் குடத்தைத் தாண்டிக் குதித்தார்.

இதுதானா என்று செம்பாயிக்கு இருந்தது. தம்பி அலமாரியில் கிடக்கிறான். இந்த ஆள் குடம் தாண்டிக் குதிக்கிறார். நாளைக்கு இதே சட்டையில் மாலையும் கழுத்துமாக நிற்பார். ஊரே வந்து நாலு ஓட்டை இட்லியைத் தின்றுவிட்டு வாழ்த்திவிட்டுப் போகும். கிரைண்டர் பக்கத்தில் மூச்சு வாங்குவது போல ஓடிக்கொண்டிருந்தது.

சொந்தக் கையால் அவரைத் தொட்டால் அது சண்டை. பழி இல்லை. ஆனால் துணியை வெட்டுவது சண்டையில் சேருமா? துணி வெட்டுவது தையல் வேலை.

செம்பாயி இடது கையால் கத்தரியை எடுத்தாள். துணியைப் பாதியாக வெட்டினாள்.

கை நின்றுவிட்டது. ஊசி அந்தரத்தில் நின்றது. கைக்குக் கண் இல்லை. ஆனாலும் அது அவளைப் பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு நாடாவை எடுத்தது. வாக்கு வாக்குதான்.

"துணி போதலீங்க," என்றாள் செம்பாயி.

தணிகாசலம் ஸ்டூல் உயரத்துக்கு வந்தார். செம்பாயி மறுபடி வெட்டினாள். அவர் அரிசிப் படி உயரத்துக்கு வந்தார்.

குமுதவல்லிக்கு அப்போதுதான் கவலை வந்தது. "மால போடக் கழுத்து வேணுமே," என்றாள். "மேடையில எங்க உக்கார வெப்பேன்? திரும்பப் பெருசாக்க முடியாதா?"

"துணி இருந்தா முடியுங்க. கை பொய் சொல்லாது. எவ்வளவு துணியோ அவ்வளவு ஆளு."

முன்னறைப் பீரோவில் அவருக்குத் தெரியாமல் எடுத்து வைத்த அதே துணி ஒரு பேல் இருக்கிறது என்று சொல்லிக் குமுதவல்லி சைக்கிளை எடுத்தாள். மூடுபனி அவளை விழுங்கிற்று. மணிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

செம்பாயி தணிகாசலத்தை எடுத்துச் சமையல் மேடைமேல் உப்பு ஜாடி பக்கத்தில் நிறுத்தினாள். எடுத்தது தம்பியின் கை. அளவு பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அதுவே தூக்கி வைத்தது.

"ஏ ரோபோ," என்றார் அவர். குரல் மெலிந்திருந்தது. "போதும்ப்பா. மோட்டார வேணும்னா எடுத்துக்க."

"எடுத்துக்கறேங்க," என்றாள். வெட்டினாள்.

அவர் தன் நிலையைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். யாரையும் கொல்ல நினைத்ததே இல்லை. எறும்பைக்கூட ஊதித்தான் விடுவார். வீட்டில் விசேஷம். கிரைண்டர் கெட்டுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"உன் மேல எனக்கு ஒரு விரோதமும் இல்லப்பா," என்றார்.

"எனக்கு இருக்குதுங்க," என்றாள் செம்பாயி.

கடைசித் துண்டு வெற்றிலை அளவு இருந்தது. கை அதை வெட்டித் தைத்தது. காலர் வைத்தது. பை வைத்தது. இத்தனை சின்ன வேலையை வெண்கலராசு உயிரோடு இருந்தபோது செய்ததில்லை. ஒரு தையல்கூடக் கோணவில்லை. மாட்டிவிட்டுத் தோளைத் தட்டி நேராக்கியது. செம்பாயியின் வாய் தானாகத் திறந்தது.

"சரியா இருக்குங்களா?"

தணிகாசலம் உதட்டை இறுக்கிக்கொண்டார். சட்டை அச்சில் வார்த்தது போல இருந்தது. அது அவருக்கும் தெரியும். ஆனால் சொல்லவில்லை. அவர் கையில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

கை கழன்று விழவில்லை.

சரி, ஆகட்டும் என்று செம்பாயி கிரைண்டரை நிறுத்தினாள். அடிப்பலகையைக் கழற்றித் தம்பியின் மோட்டாரை வெளியே எடுத்தாள். சூடாக இருந்தது. உளுந்து வாசனை அடித்தது. புடவைத் தலைப்பில் துடைத்து மடியில் கட்டிக்கொண்டாள். கிரைண்டருக்கு அடியில் ஒரு குழி காலியாக இருந்தது. கை குழியை அளந்தது. பிறகு தணிகாசலத்தை அளந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தன.

நாளைக்கு விசேஷம். ஊரே சாப்பிட வருகிறது.

அவரை உள்ளே பொருத்தி பெல்ட்டை மாட்டிப் பலகையை மூடினாள். சுவிட்சைப் போட்டாள். முதலில் ஏதோ சொல்ல வருவது போல இருந்தது. பிறகு சீராகிவிட்டது. ஒரு மனிதர் எப்படி மோட்டாராக ஓடுகிறார் என்று செம்பாயி யோசிக்கவில்லை. தம்பியை மாட்டும்போது அவரும் யோசிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் நடை குட்டையாகிவிட்டிருந்தது. சமையலறை வாசலில் ஒரு கால் வைத்தாள். அடுத்த கால் தெருவில் இருந்தது. குமுதவல்லி பேலைக் கேரியரில் கட்டிக்கொண்டு வேகமாக மிதித்து வந்தாள். நிறுத்துவதற்குள் புழக்கடைச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

செம்பாயி வீட்டுக்கு வந்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு." மோட்டாரைத் தலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். தலை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டது. உப்பு ஜாடி இடத்தை இரண்டாம் முறை சொல்லச் சொன்னது.

"கை விழலியே," என்றது கடைசியில்.

"சரியா இருக்குன்னு அந்த ஆளு சொல்லலடா."

"அப்ப ஆகல," என்றது தலை. கண்ணைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மோட்டார் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

விழா முடிந்த மறுநாள் காலையில் குமுதவல்லி கடைவீதியில் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நெற்றியில் சுவர் முட்டிய வீக்கம். தோளில் அந்தப் பேல். தட்டென்று மேசைமேல் போட்டாள். வெந்தய நிறம், வெள்ளைப் புள்ளி. ஒரு முழு ஆளுக்குத் தைத்தும் மீதி வரும்.

கை நாடாவை எடுத்துவிட்டது.

செம்பாயிக்கு நெஞ்சு மூடி ஒருமுறை தூக்கி விழுந்தது. துணி குமுதவல்லி வாங்கியது. சொந்தக்காரி பெரிதாக்கச் சொன்னால் கை பெரிதாக்கிவிடும். கிரைண்டருக்குள் இருப்பவர் யார் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அவள் இடது கையால் வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். முடியவில்லை. தொழில் தெரிந்த கை. அலமாரியில் தலை வாயைத் திறந்து மூடியது.

"சொல்லுங்க," என்றது செம்பாயியின் வாய். "பெருசாக்கணுங்களா?"

குமுதவல்லி உட்கார்ந்தாள். அவசரப்படவில்லை. விழா நன்றாக நடந்தது என்றாள். கிரைண்டரை மேடையில் வைத்து டிரம்மில் மாலை போட்டார்களாம். ஐயர் ஒன்றும் சொல்லவில்லையாம். கோத்திரம் மட்டும் கேட்டாராம். மாவு அண்டாவை விட்டு வெளியே பொங்கி வழிந்தது. இட்லி பூ மாதிரி. ஓட்டை ஒன்றுகூட இல்லை. சம்பந்தி வீட்டார் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். வீடும் பழையபடி அடக்கமாகிவிட்டது. குக்கர் விசில் உட்கார்ந்த இடத்தில் கேட்கிறது.

இருந்தாலும் மனசு கேட்காமல் இனங்கள் அலுவலகத்துக்குப் போய் வந்தாளாம். ஒரு மேசைதான் இருந்தது. வீட்டுக்காரரைக் கிரைண்டருக்குள் போட்டுவிட்டார்கள் என்று அதனிடம் சொன்னாளாம்.

"இழுப்பறைய மட்டும் திறந்துச்சு," என்றாள் குமுதவல்லி. "மோட்டார் ஓடுதில்ல, அப்ப யாரு செத்ததுன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்றது? ஓடுதுதான்."

நாடா கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"காலையில பலகையக் கழட்டி ஒரு எட்டுப் பாத்தேன். சட்ட போட்டிருக்காரு." குமுதவல்லி பேலின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். அவள் வாழ்ந்த வருடங்கள் எல்லாம் அந்த மடிப்பில் வந்து போவது போல இருந்தது. பிறகு துணியைத் தள்ளி வைத்தாள்.

"இருக்கற அளவே சரியா இருக்கு," என்றாள்.

கை கழன்று மேசைமேல் விழுந்தது. விரல்கள் ஒருமுறை மடங்கி, நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு அசையாமல் கிடந்தன.

அலமாரியில் தலை "ஆ" என்று தொடங்கியது. முடிக்கவில்லை. கண் மூடியிருந்தது. செம்பாயி போய்த் தொட்டுப் பார்த்தாள். அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல் ஆறுவது போல ஆறிக்கொண்டிருந்தது. தலையையும் மோட்டாரையும் கையையும் மஞ்சள் துணியில் கட்டி வைத்தாள். மழை பெய்த கையோடு கல்குழியில் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

குமுதவல்லி அதுவரை காத்திருந்தாள்.

"இந்தத் துணிய என்ன பண்றது," என்றாள். "கிரைண்டருக்கு ஒரு உற தச்சுத் தர்றியா?"

"தச்சிரலாங்க. லூசா இருக்கட்டுங்களா, பிடிப்பாவா?"

குமுதவல்லி தெருவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பிடிப்பாவே இருக்கட்டும். சத்தம் வெளிய கேக்குது."

செம்பாயி எண்ணெய் டின்னைத் திறந்து தன் சொந்தக் கையை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். நாடாவை எடுத்தாள்.